பத்து மணி நேரம் என்றார், பெட்டிக்கு ஏறவில்லை

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

எந்த ஊர்க் கல்லூரியானாலும், எந்தப் பிரிவானாலும், இறுதியாண்டில் ஓர் ஆர்டுயினோவை வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட் செய்யும் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். கொல்கத்தாவில் காளிகாட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ரிப்பேர் மேசை போட்டிருப்பவன் நான். வைவா முடிந்ததும் நீங்கள் ஊருக்குப் போய்விடுகிறீர்கள். நீங்கள் செய்த பெட்டி போவதில்லை. யாரோ ஒரு கடைக்காரரின் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. என்றைக்காவது அது முரண்டு பிடிக்கும்போது என் மேசைக்கு வருகிறது. அப்படி வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சேர்ந்த ஆதங்கம்தான் இந்த மடல்.

உங்கள் சால்டரிங்கைக் குறை சொல்ல வரவில்லை. சாந்தனி சௌக்கில் வாங்கிய சென்சார்களையும் குறை சொல்லவில்லை. (உங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் எங்களுக்குச் சாந்தனி, காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஏழாவது நிறுத்தம்.) என் குறையெல்லாம் ஒரே ஓர் இடத்தைப் பற்றியது. ஒரு மனிதர் தன் கையால் தட்டுகிற எண்களை உங்கள் பெட்டி வாங்கி வைத்துக்கொள்கிறதே, அந்த இடம். வங்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அவர்களிடம் வங்காளத்தில் சொல்லியாகிவிட்டது. உங்களிடம் தமிழில் சொல்கிறேன்.

இங்கே படிக்க வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு மிட்டாய்க் கடைக்குச் செய்து கொடுத்த பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரை மண்குடுவைகளில் உறையவிட்டு, நாற்பது டிகிரிச் சொச்சத்தில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் போனிலிருந்து ப்ளூடூத் வழியே இரண்டு எண்களை அனுப்புவார்: எத்தனை டிகிரி, எத்தனை மணி. ப்ளூடூத் மாட்யூல் அதைச் சீரியலாக ஆர்டுயினோவுக்குக் கொடுக்கும். யோசனையில் ஒரு குறையும் இல்லை. கோடை முழுக்க நன்றாகவே ஓடியது. குளிர்காலம் வந்து, நோலேன் குர் என்று இவர்கள் சொல்லும் புது ஈச்ச வெல்லத்தில் தோய் போடும் நேரத்தில், மாலையில் வைத்த பால் விடிந்தும் பாலாகவே கிடந்தது.

கோடையில் அவர் எட்டு மணி நேரம் என்று கொடுத்தார். குளிரில் பத்து என்று கொடுத்தார். நிரலில் மணியை 3600-ஆல் பெருக்கி ஓர் இன்ட்டில் போட்டிருந்தீர்கள். ஆர்டுயினோ ஊனோ பலகையில் இன்ட் என்பது 16 பிட். 32,767-க்கு மேல் தாங்காது. எட்டு மணி நேரம் 28,800 நொடி, உள்ளே அடங்கிவிடும். ஒன்பது மணி நேரம் 32,400, அதுவும் அடங்கும். பத்து மணி நேரம் 36,000. அது சுற்றிக்கொண்டு மைனஸ் 29,536 ஆகிவிட்டது. கழிந்த நேரம் பூஜ்யம், கொடுத்த நேரம் மைனஸ். ஆக நேரம் முடிந்தது என்று பெட்டி முடிவுகட்டி ஹீட்டரை அணைத்துவிட்டது. இதே நிரலை ஈஎஸ்பி32-இல் ஏற்றியிருந்தால் அங்கே இன்ட் 32 பிட் என்பதால் பிழை வெளியே தெரிந்திருக்காது. லாங் என்று ஒரு சொல்லை மாற்றியதும் பெட்டி சரியாகிவிட்டது.

என்னைச் சுட்டது அந்தப் பிழை அல்ல. பெட்டியைக் கொண்டுவந்த மனிதர் சொன்னதுதான். "நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது" என்றார். அவர் ஒன்றையும் தப்பாக அழுத்தவில்லை. பத்து என்று கொடுத்தார், பத்துதான் அவருக்குத் தேவை. உங்கள் பெட்டி அதை மைனஸாகப் புரிந்துகொண்டு, புரிந்துகொண்டது என்ன என்று ஒரு வரி திருப்பிச் சொல்லாமல், ஒரு கடாய்ப் பாலையும் கெடுத்துவிட்டுப் பழியை அவர் தலையில் கட்டியது. வேலை செய்யாத கருவியைக்கூட மன்னிக்கலாம். தன் தவறுக்கு உபயோகிப்பவரைக் குற்றவாளியாக நினைக்கவைக்கிற கருவியை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

"லேபில் நன்றாக ஓடியதே" என்பீர்கள். ஓடியிருக்கும். ஏன் ஓடியது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இன்னொரு பெட்டியின் கதை இது, ஆனால் உங்களில் பாதிப் பேர் எழுதியிருக்கும் நிரல்தான். முதலில் டிகிரியைக் கேட்கிறீர்கள். அவைலபிள் பூஜ்யமாக இருக்கும்வரை காத்திருந்து, பார்ஸ்இன்ட்டால் எண்ணை எடுக்கிறீர்கள். பிறகு மணியைக் கேட்டு அதே இரண்டு வரி. லேபில் சீரியல் மானிட்டரின் கீழ் மூலையில் 'நோ லைன் எண்டிங்' என்று வைத்திருப்பீர்கள். 42 என்று அனுப்பினால் இரண்டு எழுத்து மட்டும் போகும். அடுத்த எழுத்துக்காக பார்ஸ்இன்ட் ஒரு நொடி காத்திருந்து பார்த்துவிட்டு 42 என்று திருப்பித் தரும். எல்லாம் சுபம்.

கடைக்காரரின் போனில் இருக்கும் டெர்மினல் செயலியோ ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுடிவுக் குறியைச் சேர்த்தே அனுப்பும். பார்ஸ்இன்ட் 42-ஐ எடுத்துக்கொண்டு அந்தக் குறியை அப்படியே பஃபரில் விட்டுவிடும். இரண்டாவது கேள்வி வந்த கணத்தில் அவைலபிள் பூஜ்யம் அல்ல. அந்த மிச்சக் குறி உட்கார்ந்திருக்கிறது. பெட்டி காத்திருப்பதை விட்டு பார்ஸ்இன்ட்டுக்குள் நுழைகிறது, எண் எதுவும் கிடைக்காமல் ஒரு நொடி பார்த்துவிட்டுப் பூஜ்யத்தைத் தருகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது கேள்விக்குப் பெட்டியே பதில் சொல்லிக்கொண்டது. கிடைக்காத எண்ணுக்கும் பூஜ்யம், அவரே பூஜ்யம் என்று கொடுத்தாலும் பூஜ்யம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லாத ஒன்றை நம்பி ஒருவரின் பிழைப்பை ஏன் ஒப்படைக்கிறீர்கள்?

சீரியல் வழியில் 'செய்தி' என்று ஒன்று வருவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பைட்டுகள் வருகின்றன, அவ்வளவுதான். 25 என்பது ஆஸ்கியில் 50, 53 என்ற இரண்டு பைட்டுகள். எங்கே ஓர் எண் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதை நீங்கள்தான் வகுக்க வேண்டும். அவைலபிள் ஒன்றுக்கு மேல் என்றால் முழு வரியும் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து வர ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேலாகும். உங்கள் சிப் அதற்குள் பதினாறாயிரம் கடிகாரத் துடிப்புகளை ஓடிவிட்டு, 'இன்னும் இல்லையா' என்று நிற்கும்.

அதே சமயம் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பள்ளிக்கூட மணி அடிக்கும் பெட்டி ஒன்று வந்தது. நாளின் பன்னிரண்டு மணிகளுக்கான நேரங்களையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் ஒட்டி அனுப்ப வேண்டும். நேரம் ஒன்றுக்கு ஐந்து எழுத்து, நடுவே பதினோரு காற்புள்ளி. மொத்தம் 71, வரிமுடிவோடு 72. லூப்பில் ஒரு நொடி டிலே. ஊனோவின் பெறும் பஃபர் 64 பைட், அதிலும் ஒன்று காலியாகவே இருக்கும். டிலேயில் பெட்டி தூங்கும்போது வரி வந்து சேர்ந்தால் 63 எழுத்து நிற்கும். மீதி சத்தமில்லாமல் போய்விடும். எண்ணிப் பாருங்கள்: பதினோராவது நேரம் மணியோடு வெட்டுப்படும், அதன் நிமிடம் போய்விடும். பன்னிரண்டாவது இருக்கவே இருக்காது. வரிமுடிவும் சேர்ந்து போய்விட்டதால் வரி முடிந்ததா என்பதும் பெட்டிக்குத் தெரியாது. சில நாள் கடைசி மணி அடிக்கும், சில நாள் அடிக்காது. டிலேயின் எந்தக் கணத்தில் அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பள்ளியின் பியூனுக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? வெப்பச் சென்சார் வைத்தவர்களும் கவனியுங்கள். டிஎஸ்18பி20 பன்னிரண்டு பிட் நுணுக்கத்தில் ஒரு முறை அளக்க 750 மில்லிநொடி வரை எடுக்கும். வழக்கமான நூலகம் அவ்வளவு நேரமும் உங்களைக் கட்டிப்போட்டுவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. டிலேயை எடுத்துவிட்டு, லூப் சுற்றும்போதெல்லாம் வந்திருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒரு கேரக்டர் அணியில் சேருங்கள். அணிக்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லை தாண்டினால் அந்த வரி முழுவதையும் தள்ளிவிட்டுத் 'தாண்டிவிட்டது' என்று சொல்லுங்கள். ஸ்ட்ரிங் வகையில் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்; ஊனோவின் சிப்பில் மொத்த ரேமே 2 கிலோபைட். வரிமுடிவு வந்த பிறகுதான் பிரிக்கத் தொடங்க வேண்டும். பிரிக்க ஸ்ட்ர்டோல் இருக்கிறது. அது எண்ணையும் தரும், எந்த எழுத்தில் நின்றது என்பதையும் சொல்லும். ஓர் எழுத்தும் நகராமல் நின்றிருந்தால் எண் இல்லை என்று தெரிந்துவிடும். அதன்பின் எல்லை பாருங்கள். தயிர்ப் பெட்டிக்கு முப்பதிலிருந்து ஐம்பது டிகிரி. அதற்கு வெளியே எது வந்தாலும் மறுத்துவிடுங்கள். எல்லா எண்ணும் தேறினால்தான் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். டிகிரி புதிது, மணி பழையது என்று பாதி வேலை கூடாது. இதற்காகத்தான் தனித்தனி மாறிகளாக இல்லாமல் ஒரு ஸ்ட்ரக்டில் வையுங்கள் என்கிறேன்: வந்தவற்றைத் தற்காலிக ஸ்ட்ரக்டில் நிரப்பிச் சரிபார்த்து, ஒரே மூச்சில் நிஜமானதற்கு நகலெடுங்கள்.

பிறகு, திருப்பிச் சொல்லுங்கள். நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். "42 டிகிரி, 10 மணி நேரம், அதாவது நாளைக் காலை ஆறு மணி வரை. சரியா?" என்று பெட்டி கேட்கட்டும். அவர் அனுப்பிய எழுத்துகளை அப்படியே எதிரொலிப்பதால் பயனில்லை. பத்து என்று வந்ததைப் பத்து என்று எதிரொலித்துவிட்டு உள்ளே மைனஸாக வைத்திருக்கலாம். உள்ளே சேமித்ததை எடுத்து, அதிலிருந்து கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மிட்டாய்க்கடைக்காரர் குளிர்காலத்தின் முதல் நாளே பிடித்திருப்பார்.

கொடுத்த எண்ணைச் சந்தேகிப்பது பெரியவர்களை அவமதிப்பது என்று யாராவது நினைத்தால், இந்த ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். கொல்கத்தாவின் வடக்கை ஒட்டிய பராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931-இல் தொடங்கியது. 1930களின் பின்பாதியில் வங்கத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்று அவர் கணக்கெடுத்தபோது, ஒரே வட்டாரத்துக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பினார். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் வெகுவாக விலகினால் எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். அளக்கப் போனவர்கள் திருடர்கள் என்பதால் செய்ததல்ல. எண் கைமாறும் இடத்தில் பிழை நுழையும், நுழைந்தால் அது வெளியே தெரிய வழி வேண்டும் என்பதால் செய்தது. 1950களின் நடுவில் இந்தியாவின் முதல் எண்முறைக் கணினி வந்து இறங்கியதும் அந்த வளாகத்தில்தான். 1966-இல் அந்த நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர் கணினி ஒன்றைக் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதைச் சரிபார்க்காத பெட்டிகளை நான் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறேன்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு, உங்கள் ஊரில் தோன்றாதது. வங்காளிகள் போனில் வங்காள விசைப்பலகை வைத்திருப்பார்கள். அதில் எண்களும் வங்காள எழுத்திலேயே வரும். அப்படி ஓர் இலக்கம் சீரியலில் மூன்று பைட்டுகளாகப் போகும். வங்காள நான்கு 224, 167, 170 என்று வரும். பார்ஸ்இன்ட்டுக்கு அதில் எண்ணே தெரியாது, மறுபடியும் பூஜ்யம். காகிதத்தில் எழுதி மாட்டினாலும் வம்பு: வங்காள நான்கு பார்வைக்கு நம் எட்டு மாதிரி இருக்கும், அவர்களின் ஏழு நம் ஒன்பது மாதிரி. நாற்பத்திரண்டு என்று அவர் எழுதியதை எண்பத்திரண்டு என்று தமிழ்ப் பையன் வாசித்துப் பெட்டியில் ஏற்றினால் தயிர் வைக்கும் கிருமி வெந்துபோகும். எல்லை பார்க்கும் நிரல் இருந்தால் எண்பத்திரண்டை அங்கேயே தடுத்துவிடும்.

சேமிப்புக்கு வருகிறேன். மின்சாரம் போனால் ரேமில் இருப்பது போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கடைக்காரருக்கு அதைச் சொன்னீர்களா? சித்திரை, வைகாசியில் இங்கே மாலையில் கால்பைசாகி என்ற சூறைக்காற்றடிக்கும். மரம் முறியும், கம்பி அறும், விளக்கு போகும். 2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் திரும்பும்போது உங்கள் பெட்டி என்ன நினைவோடு எழுகிறது? பலவற்றில் ஒன்றுமில்லை, நிரலில் எழுதிவைத்த ஏதோ ஓர் ஆரம்ப எண். யூஎஸ்பியில் மடிக்கணினியை இணைக்கும் பெட்டி என்றால் புயல்கூட வேண்டாம்: ஊனோவில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே பலகை ரீசெட் ஆகிறது. கொடுத்த எண் சரியா என்று பார்க்கத் திறந்தவர் அந்த எண்ணை அழித்துவிடுகிறார்.

ஊனோவின் சிப்பில் 1024 பைட் ஈஈப்ராம் சும்மா கிடக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் யோசித்துப் பயன்படுத்துங்கள். லூப்புக்குள் நொடிக்கொரு முறை எழுதும் பெட்டியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பது சிப் தயாரிப்பாளர் தரும் கணக்கு. நொடிக்கொன்று என்றால் அது இருபத்தெட்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மனிதர் புதிதாகக் கொடுத்தபோது மட்டும் எழுதுங்கள், மாறிய பைட்டை மட்டும் எழுதும் அப்டேட் முறையில். ஈஎஸ்பி32-இல் ஈஈப்ராம் என்ற பெயரில் இருப்பது ஃப்ளாஷின் ஒரு பகுதி. கமிட் என்று முடிவாகச் சொல்லாவிட்டால் எதுவும் பதியாது.

முதல் நாள் புதுச் சிப்பின் ஈஈப்ராமில் எல்லாப் பைட்டும் 255 ஆக இருக்கும். இன்ட்டாக வாசித்தால் மைனஸ் ஒன்று. அதை டிகிரி என்று நம்பும் பெட்டிகள் உண்டு. ஸ்ட்ரக்டின் தலையில் ஓர் அடையாள எண்ணும் வாலில் ஒரு செக்சம்மும் வைத்தால், 'இது நான் எழுதியதா, முழுமையாக எழுதியதா' என்று பெட்டி தன்னையே கேட்டுக்கொள்ளும். ஒரு பைட் எழுத மூன்றரை மில்லிநொடி அளவாகிறது. பன்னிரண்டு பைட் ஸ்ட்ரக்டின் நடுவில் விளக்கு போனால் பாதி புதிது, பாதி பழையது. எனவே இரண்டு இடங்களில் மாற்றி மாற்றி எழுதி, வரிசை எண்ணும் போட்டுவையுங்கள். ஒன்று கெட்டாலும் முந்தையது தப்பும்.

"இது வெறும் ப்ராஜெக்ட்தானே, விற்பனைக்கான சரக்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். சரி, அப்படியானால் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் படமெடுத்து, 'சமூகப் பயன்பாடு' என்று அறிக்கையில் ஓர் அத்தியாயம் எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகு அந்த வாதம் செல்லாது. வழிகாட்டிப் பேராசிரியர் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். அவர்கள் பிளாக் டயக்ராமைக் கேட்கிறார்கள், 'ஐஓடி சேர்த்திருக்கிறாயா' என்று கேட்கிறார்கள். வெறும் எண்டரை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்ட பேராசிரியரைப் பற்றி எந்தப் பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், வைவாவில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இது. வைவாவுக்கு ஒரு வாரம் முன்னால், நிரல் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுங்கள். விடுதிச் சமையல்காரரோ, உங்கள் அம்மாவோ. நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் வெறும் எண்டரை அழுத்தட்டும், எழுத்தைத் தட்டட்டும், ஐந்து இலக்க எண் கொடுக்கட்டும், மூன்று எண் கேட்டால் இரண்டு கொடுக்கட்டும். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி சொருகுங்கள். ஒவ்வொரு தடவையும் பெட்டி என்ன சொன்னது, உள்ளே என்ன இருந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி அறிக்கையில் சேருங்கள். அந்தப் பக்கத்தின் நகலை, கடைக்காரருக்குப் புரியும் மொழியில், பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். நிரலின் ஒரு பிரதியை அவரிடம் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல்தான் நான் பாதி நேரம் இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டவர்கள், அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டு, பத்து மணி நேரம் என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காளிகாட்டிலிருந்து ஒரு ரிப்பேர்காரன்